தடுப்பு நகர்வுக்கு எதிரான பண்ட் ஆட்டம்

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில், எதிரணியின் உட்களத் தடுப்பாளர்கள் ஆடுகளத்தின் ஒரு பக்கமாகத் திரண்டு நிற்கும்போது, மட்டையாளர் பந்தை ஓங்கி அடிக்காமல் ஆளில்லாத மறுபக்கத்தில் மெல்லத் தட்டிவிட்டு முதல் தளத்தை அடைய முயல்வது தடுப்பு நகர்வுக்கு எதிரான பண்ட் ஆட்டம் ஆகும். ஹோம் ரன் அடிப்பதில் வல்லவர்களான மட்டையாளர்கள் (இக்கட்டுரையில் வல்லடியாளர்கள்) இவ்வாறு ஆடலாமா, கூடாதா என்பது அமெரிக்க அடிபந்தாட்டத்தில் 1940கள் முதல் விவாதிக்கப்பட்டு வருகின்றது. 2010களில் தடுப்பு நகர்வு பெருகியபோது இவ்விவாதம் சூடுபிடித்தது. 2023 ஆம் ஆண்டில் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தடுப்பு நகர்வை விதியால் கட்டுப்படுத்தியதைத் தொடர்ந்து இதன் தேவை பெரிதும் குறைந்தது. எனினும் முற்றிலும் மறையவில்லை.

மூன்றாம் தளப் பக்கம் வெறுமையாக இருக்கையில் அங்கே பந்தைத் தட்டிவிட்டு ஓடுவது எளிதெனவே பார்வையாளருக்குத் தோன்றும். ஆயினும் பெரும்பாலான வல்லடியாளர்கள் அவ்வாறு செய்யவில்லை. இதற்குப் பிடிவாதமே காரணம் என்போரும், கணக்கே காரணம் என்போரும் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு.

அடிப்படைகள்

ஆடுகளம்

அடிபந்தாட்டத்தில் தடுக்கும் அணியினர் ஒன்பது பேர். பந்தெறிவாளர், பந்து பற்றுபவர் ஆகிய இருவர் தவிர, நால்வர் உட்களத்திலும் மூவர் வெளிக்களத்திலும் நிற்பர். முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றை ஒட்டி ஒவ்வொருவரும், இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடையே ஷார்ட்ஸ்டாப் எனப்படுபவரும் நிற்பது வழக்கம். தளங்களுக்கு இடையேயான தொலைவு 90 அடி (27.4 மீட்டர்).

கிரிக்கெட்டில் மட்டையைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் பந்தை அடிக்கலாம். அடிபந்தாட்டத்தில் இல்லத்தளத்திலிருந்து விரியும் 90 பாகைப் பரப்புக்குள் மட்டுமே அடிக்க வேண்டும். அதற்கு வெளியே செல்லும் பந்து ஃபவுல் எனப்படும். மேலும், பந்தைத் தரையில் அடித்த மட்டையாளர் கட்டாயம் ஓடியாக வேண்டும். பந்து அவருக்கு முன் முதல் தளத்தை அடைந்தால் அவர் ஆட்டமிழப்பார். ஆகவே தடுப்பாளர்கள் நிற்கும் இடம் ஆட்டத்தின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

பண்ட்

மட்டையை வீசாமல், பந்து வரும் வழியில் அசையாது பிடித்து, பந்தின் வேகத்தைத் தணித்து உட்களத்திலேயே உருள விடுவது பண்ட் எனப்படும். இது இரு வகைப்படும். தாம் ஆட்டமிழந்தாலும் தளத்தில் உள்ள தம் அணியினரை முன்னேற்றுவதற்காக ஆடுவது தியாகப் பண்ட். தாமே முதல் தளத்தை அடைவதற்காக ஆடுவது இரண்டாம் வகை. இக்கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது.

பண்ட்டுக்கு ஒரு தனி விதி உண்டு. மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக் பெற்றால் ஆட்டமிழப்பார். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பின் மட்டை வீசி அடித்த பந்து ஃபவுல் ஆனால் அது மூன்றாவது ஸ்ட்ரைக்காகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் அதே நிலையில் பண்ட் ஆடிய பந்து ஃபவுல் ஆனால் மட்டையாளர் ஆட்டமிழப்பார். எனவே பண்ட் ஆட விரும்புபவருக்கு நடைமுறையில் ஒன்று அல்லது இரண்டு வாய்ப்புகளே உள்ளன.

தடுப்பு நகர்வு

ஷிஃப்ட் எனப்படும் தடுப்பு நகர்வு என்பது, ஒரு மட்டையாளர் வழக்கமாகப் பந்தை அடிக்கும் திசையில் தடுப்பாளர்களைக் கூடுதலாக நிறுத்துவதாகும். இடக்கை வல்லடியாளர்கள் தரையோடு அடிக்கும் பந்துகளில் பெரும்பகுதி முதல் தளப் பக்கமாக, அதாவது ஆடுகளத்தின் வலப்புறமாகச் செல்லும். ஆகவே ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் தளத்தைக் கடந்து வலப்புறம் வருவார். இரண்டாம் தளத் தடுப்பாளர் வலது வெளிக்களத்தின் புல்வெளி வரை பின்வாங்கி நிற்பார். மூன்றாம் தளத் தடுப்பாளர் ஷார்ட்ஸ்டாப்பின் இடத்துக்கு நகர்வார். இதனால் மூன்றாம் தளத்தை ஒட்டிய பகுதி வெறுமையாகும்.

வலக்கை மட்டையாளர்களுக்கு எதிராக இந்த உத்தி குறைவாகவே பயன்பட்டது. முதல் தளத் தடுப்பாளர் பிறர் எறியும் பந்தைப் பெறுவதற்காகத் தளத்தின் அருகிலேயே இருந்தாக வேண்டும் என்பதால், அவரை மறுபக்கத்துக்கு நகர்த்த இயலாது.

தடுப்பு நகர்வு முதன்மையாகத் தரையில் உருளும் பந்துகளையும் தாழப் பறக்கும் பந்துகளையும் குறிவைக்கின்றது. உயரப் பறந்து வேலியைத் தாண்டும் ஹோம் ரன்னை எந்தத் தடுப்பு நகர்வாலும் தடுக்க முடியாது. பண்ட் விவாதம் முழுவதும் இந்த உண்மையைச் சார்ந்தே அமைந்துள்ளது.

வரலாறு

டெட் வில்லியம்சும் பூட்ரோ நகர்வும்

1920களில் பிலடெல்பியா பில்லீஸ் அணியின் சை வில்லியம்ஸ் என்ற இடக்கை மட்டையாளருக்கு எதிராகத் தடுப்பாளர்கள் வலப்புறம் நகர்ந்து நின்றனர். 1941 இல் சிக்காகோ வைட் சாக்ஸ் அணியின் மேலாளர் ஜிம்மி டைக்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்சுக்கு எதிராக இதனைக் கையாண்டார். எனினும் இந்த உத்தி பரவலாக அறியப்பட்டது 1946 சூலை 14 அன்றுதான்.

அன்று பாஸ்டனில் ஒரே நாளில் இரு ஆட்டங்கள் நடைபெற்றன. முதல் ஆட்டத்தில் வில்லியம்ஸ் மூன்று ஹோம் ரன்கள் அடித்து எட்டு ஓட்டங்களுக்குக் காரணமானார். இரண்டாம் ஆட்டத்தில், கிளீவ்லாந்து இந்தியன்ஸ் அணியின் (2022 முதல் கார்டியன்ஸ்) ஆட்டக்கார-மேலாளர் லூ பூட்ரோ, நான்கு உட்களத் தடுப்பாளர்களையும் இரு வெளிக்களத் தடுப்பாளர்களையும் வலப்புறத்துக்கு நகர்த்தினார். இடப்புறத்தில் இடது வெளிக்களத் தடுப்பாளர் ஒருவர் மட்டுமே எஞ்சினார். இது பூட்ரோ நகர்வு எனப் பெயர் பெற்றது. இது ஆட்ட நுட்பத்தைவிட உளவியல் நோக்கிலேயே கூடுதலாகப் பயன்பட்டது என்பது பூட்ரோவின் கருத்தாக இருந்தது.

வில்லியம்ஸ் பெரும்பாலும் தம் ஆட்டமுறையை மாற்றிக்கொள்ளவில்லை. விதிவிலக்குகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1946 செப்டம்பர் 13 அன்று கிளீவ்லாந்தில், நகர்ந்து நின்ற தடுப்பாளர்களுக்கு எதிராக அவர் பந்தை இடது வெளிக்களத்துக்கு அடித்தார். பந்து வேலியைத் தாண்டாமலேயே அவர் நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தார். அவ்வகையில் அவர் தம் வாழ்நாளில் அடித்த ஒரே ஹோம் ரன் அதுவே. ஆட்டம் 1-0 என முடிய, பாஸ்டன் அணி அமெரிக்கன் லீக் பட்டத்தை உறுதி செய்தது.

இரண்டாவது, அதே ஆண்டின் உலகத் தொடர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மேலாளர் எடி டையரும் தடுப்பு நகர்வைப் பயன்படுத்தினார். மூன்றாம் ஆட்டத்தில் வில்லியம்ஸ் மூன்றாம் தளப் பக்கம் பண்ட் ஆடி முதல் தளத்தை அடைந்தார். பாஸ்டன் அந்த ஆட்டத்தை 4-0 என வென்றது. ஆனால் செய்தித்தாள்களுக்கு ஆட்டத்தின் முடிவைவிட வில்லியம்ஸ் பண்ட் ஆடியதே தலைப்புச் செய்தியாயிற்று. அவர் அத்தொடரில் 25 முறை அடித்து 5 முறை மட்டுமே தளம் சேர்ந்தார். அவை ஐந்தும் ஒற்றைத் தள அடிகளே. தொடருக்கு முன் அவருடைய முழங்கையில் பந்து பட்டிருந்ததால், இத்தோல்வியைத் தடுப்பு நகர்வின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. தொடரைக் கார்டினல்ஸ் ஏழு ஆட்டங்களில் வென்றது.

இரு தரப்பினரும் வில்லியம்சைத் தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அவர் வளைந்து கொடுத்திருந்தால் இன்னும் மிகுதியாகச் சாதித்திருப்பார் என்பர் ஒருசாரார். தம் முறையிலேயே நின்ற அவர் 1957 இல் 0.388 என்ற சராசரியும், வாழ்நாளில் 0.344 சராசரியும் 521 ஹோம் ரன்களும் பெற்றதை மறுசாரார் சுட்டுவர்.

ஓ நகர்வு

சப்பானில் 1964 மே மாதத்தில், ஹிரோஷிமா கார்ப் அணியின் மேலாளர் கட்சுமி ஷிராய்ஷி, யொமியூரி ஜயண்ட்ஸ் அணியின் இடக்கை மட்டையாளர் சதஹாரு ஓவுக்கு எதிராக ஆறு தடுப்பாளர்களை வலப்புறம் நிறுத்தினார். ஓவின் அடிகள் செல்லும் திசைகள் கணினியால் ஆராயப்பட்ட பின்னர் இந்த முடிவு எடுக்கப்பட்டது. வெறுமையான இடப்புறம் ஓவைத் தூண்டி, அவரது இயல்பான மட்டை வீச்சைக் குலைப்பதும் இதன் நோக்கமாக இருந்தது. ஓ தம் வீச்சை மாற்றவில்லை. அப்பருவத்தில் அவர் 55 ஹோம் ரன்கள் அடித்தார். ஓய்வு பெறும்போது அவரது கணக்கில் 868 ஹோம் ரன்கள் இருந்தன.

தரவுக் காலம்

நெடுங்காலம் ஒரு சில மட்டையாளர்களுக்கு எதிராக மட்டுமே தடுப்பு நகர்வு பயன்பட்டது. 2006 முதல் 2014 வரை டாம்பா பே ரேஸ் அணியின் மேலாளராக இருந்த ஜோ மேடன் இதனைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர். ஒவ்வொரு மட்டையாளரும் அடித்த ஒவ்வொரு பந்தின் திசையும் பதிவு செய்யப்படும் நிலை உருவானதும், பிற அணிகளும் இதனைப் பின்பற்றின. ஸ்டாட்காஸ்ட் என்னும் பதிவு முறையின்படி, இரண்டாம் தளத்தின் ஒரே பக்கத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உட்களத் தடுப்பாளர்கள் நின்ற வாய்ப்புகள் 2016 இல் ஏறத்தாழ 14 விழுக்காடு. 2022 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இடக்கை மட்டையாளர்களை மட்டும் கருதினால் 2022 இல் இது பாதிக்கும் மேல்.

சில அணிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. 2018 பருவத்தின் தொடக்க ஆட்டத்தில், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ஜோயி கேலோவுக்கு எதிராக மூன்றாம் தளத் தடுப்பாளரை வெளிக்களத்துக்கே அனுப்பி, வெளிக்களத்தில் நால்வரை நிறுத்தியது. உட்களத்தின் இடப்புறம் முழுவதும் காலியாக இருந்தது. கேலோ முந்தைய 2017 பருவத்தில் 41 ஹோம் ரன்களும் 32 ஒற்றைத் தள அடிகளும் அடித்தவர். ஒற்றைத் தள அடியைவிட ஹோம் ரன் மிகுதியாக அடிக்கும் ஒருவருக்கு ஓர் ஒற்றைத் தள அடியைப் பரிசாகக் கொடுக்க எதிரணி ஆயத்தமாக இருந்தது என்பதே இதன் பொருள்.

பண்ட் ஆடலாம் என்னும் வாதம்

இவ்வாதத்தின் அடிப்படை எளியது. மூன்றாம் தளப் பக்கம் ஆளில்லாதபோது, நேராக உருட்டப்படும் பந்தைப் பந்தெறிவாளரோ பந்து பற்றுபவரோ தொலைவிலிருந்து ஓடிவந்து எடுக்க வேண்டும். மட்டையாளர் வேகமாக ஓடாதவராயினும் முதல் தளத்தை அடைய நேரம் கிடைக்கும். இடக்கை மட்டையாளர் முதல் தளத்துக்குச் சற்று அருகில் நிற்பதும் அவருக்கு உதவும்.

ஒருவர் இவ்வாறு ஆடும் பண்ட்டுகளில் பாதியேனும் வெற்றி பெற்றால், அவர் தளம் சேரும் விகிதம் 0.500 ஆகும். அடிபந்தாட்ட வரலாற்றிலேயே வாழ்நாள் அளவில் உயர்ந்த விகிதம் டெட் வில்லியம்சின் 0.482. ஆகவே பாதி வெற்றி பெறும் பண்ட், தளம் சேரும் அளவில் எந்த மட்டையாளரின் வழக்கமான ஆட்டத்தையும்விட மேலானது என்பது இத்தரப்பின் கூற்று.

வல்லடியாளர்கள் பண்ட் ஆடுவது இயலாததன்று என்பதற்கும் சான்றுகள் உண்டு. 536 ஹோம் ரன்கள் அடித்த மிக்கி மேண்டில், ஓடிக்கொண்டே பண்ட் ஆடுவதில் தேர்ந்தவராக இருந்தார். ஆயினும் அவர் இளமையில் மிக வேகமாக ஓடக்கூடியவர். 2010களில் சிக்காகோ கப்ஸ் அணியின் அந்தோனி ரிஸ்ஸோ தடுப்பு நகர்வுக்கு எதிராக அவ்வப்போது பண்ட் ஆடினார்.

ஆட வேண்டாம் என்னும் வாதம்

எதிர்வாதங்கள் பின்வருமாறு:

* தளம் சேர்வது மட்டுமே அளவுகோல் அன்று. ஒற்றைத் தள அடி சராசரியாக ஏறத்தாழ 0.47 ஓட்டம் மதிப்புடையது. ஹோம் ரன்னின் மதிப்பு ஏறத்தாழ 1.4 ஓட்டம். வல்லடியாளர் பண்ட் ஆடும் ஒவ்வொரு முறையும் ஹோம் ரன், இரட்டைத் தள அடி ஆகியவற்றுக்கான வாய்ப்பைக் கைவிடுகின்றார். எதிரணி விரும்புவதும் அதுவே.

* மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை மெல்லத் தணித்து, குறிப்பிட்ட கோட்டுக்குள் உருட்டுவது தனித் திறன். வல்லடியாளர்கள் இதனை இளமையிலிருந்து பழகியிருப்பதில்லை. பயிற்சிக்குச் செலவிடும் நேரமும் அவர்கள் ஊதியம் பெறும் முதன்மைத் திறனிலிருந்து எடுக்கப்படும் நேரமாகும்.

* தடுப்பாளர்கள் வலப்புறம் நிற்கையில் பந்தெறிவாளர் இடக்கை மட்டையாளரின் உடலை ஒட்டி உள்பக்கமாக எறிவது வழக்கம். அப்பந்தை மூன்றாம் தளப் பக்கம் திருப்புவது கடினம். மேல்நோக்கி எழும்பினால் எளிதில் பிடிபடும். மட்டையைப் பிடித்திருக்கும் விரல்களில் பந்து பட்டுக் காயமேற்படவும் கூடும்.

* தோல்வியுற்ற முயற்சிகள் கணக்கில் சரிவர வருவதில்லை. இது கீழே விளக்கப்படுகின்றது.

மறைந்து போகும் முயற்சிகள்

பண்ட் வெற்றி விகிதம் எனப் பொதுவாகத் தரப்படுவது, ஆடுகளத்துக்குள் விழுந்த பண்ட்டுகளில் எத்தனை வெற்றி பெற்றன என்பதாகும். மட்டையில் படாத பந்துகளும் ஃபவுல் ஆன பந்துகளும் இதில் சேர்வதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 100 முறை முதல் பந்திலேயே பண்ட் ஆட முயல்வதாகக் கொள்வோம் (இவை விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்ட எண்கள்). அவற்றுள் 40 ஃபவுல் ஆகவோ மட்டையில் படாமலோ போகின்றன. எஞ்சிய 60 இல் 33 வெற்றி பெறுகின்றன. பதிவேட்டில் வெற்றி விகிதம் 55 விழுக்காடு எனக் காணப்படும். ஆனால் 40 முறை அவர் ஒரு ஸ்ட்ரைக் பின்தங்கிய நிலையில் தம் ஆட்டத்தைத் தொடர வேண்டியிருந்தது என்பது அப்பதிவில் தெரியாது. ஒரு ஸ்ட்ரைக் பின்தங்கிய மட்டையாளர்கள் பொதுவாகத் தம் சராசரியைவிடத் தெளிவாகக் குறைவாகவே அடிக்கின்றனர். ஆகவே பண்ட்டின் உண்மையான விலையைக் கணிக்க முயற்சிகள் அனைத்தையும் எண்ண வேண்டும்.

எதிர்பார்க்கப்படும் ஓட்டங்களைக் கொண்டு கணித்தல்

ஓர் இன்னிங்சில் எத்தனை பேர் ஆட்டமிழந்துள்ளனர், எந்தத் தளங்களில் ஆட்டக்காரர்கள் உள்ளனர் என்பதைக் கொண்டு, அந்த இன்னிங்சின் எஞ்சிய பகுதியில் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் கிடைக்கும் எனக் கணிக்க இயலும். 2010-2015 காலத்து மேஜர் லீக் ஆட்டங்களின் சராசரி பின்வருமாறு:

* தளங்கள் காலி, எவரும் ஆட்டமிழக்கவில்லை: 0.481
* தளங்கள் காலி, ஒருவர் ஆட்டமிழப்பு: 0.254
* தளங்கள் காலி, இருவர் ஆட்டமிழப்பு: 0.098
* முதல் தளத்தில் ஒருவர், எவரும் ஆட்டமிழக்கவில்லை: 0.859
* முதல் தளத்தில் ஒருவர், ஒருவர் ஆட்டமிழப்பு: 0.509
* முதல் தளத்தில் ஒருவர், இருவர் ஆட்டமிழப்பு: 0.224

தளங்கள் காலியாக, எவரும் ஆட்டமிழக்காத நிலையில் பண்ட் வெற்றி பெற்றால் 0.481 என்பது 0.859 ஆக உயரும், தோற்றால் 0.254 ஆகக் குறையும். ஆகவே சராசரி மட்டையாளர் ஒருவருக்கு, பண்ட் இழப்பின்றி அமைய வேண்டுமானால் 0.227 ஐ 0.605 ஆல் வகுத்துக் கிடைக்கும் ஏறத்தாழ 38 விழுக்காடு வெற்றி போதும்.

வல்லடியாளர் சராசரி மட்டையாளர் அல்லர். ஒரு பருவத்தில் 600 முறை மட்டை பிடித்து, சராசரியைவிட 36 ஓட்டங்கள் கூடுதலாக ஈட்டித் தரும் ஒருவரை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அவரது கூடுதல் மதிப்பு 0.06 ஓட்டம். அவர் பண்ட் ஆடும்போது கைவிடுவது இதனையும் சேர்த்தே. அவருக்கான சமநிலை விழுக்காடு பின்வருமாறு மாறும்:

* எவரும் ஆட்டமிழக்காதபோது: சராசரி மட்டையாளர் 38, வல்லடியாளர் 47
* ஒருவர் ஆட்டமிழந்தபோது: சராசரி மட்டையாளர் 38, வல்லடியாளர் 53
* இருவர் ஆட்டமிழந்தபோது: சராசரி மட்டையாளர் 44, வல்லடியாளர் 71

இக்கணக்கு தோராயமானது. 0.06 என்னும் கூடுதல் மதிப்பு எல்லா நிலைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. அடுத்து மட்டை பிடிப்பவரின் திறனும் இதில் சேர்க்கப்படவில்லை. எனினும் இது காட்டும் போக்கு தெளிவானது. இன்னிங்சின் முதல் மட்டையாளராக வரும்போது பண்ட் நியாயமான தேர்வாக அமையலாம். இருவர் ஆட்டமிழந்து தளங்களும் காலியாக உள்ளபோது, முதல் தளத்தில் நிற்கும் ஒருவரால் பெரும் பயன் விளைவதில்லை. ஆனால் ஹோம் ரன் அப்போதும் ஒரு முழு ஓட்டத்தைத் தரும். அந்நிலையில் பத்துக்கு ஏழு வெற்றி பெற்றால்தான் பண்ட் ஈடாகும்.

ஆட்டத்தின் ஓட்ட நிலையும் இதனை மாற்றும். இறுதி இன்னிங்சில் நான்கு ஓட்டங்கள் பின்தங்கிய அணிக்கு, தனித்த ஒரு ஹோம் ரன்னைவிட ஆட்டமிழக்காமல் தளம் சேர்வதே தேவை. ஒரே ஓட்டம் பின்தங்கி, இருவர் ஆட்டமிழந்த நிலையில் வல்லடியாளர் பண்ட் ஆடுவது எதிரணிக்கு நிம்மதியையே தரும்.

அச்சுறுத்தலாகப் பண்ட்

மேற்கண்ட கணிப்பு, மட்டையாளர் என்ன செய்தாலும் தடுப்பாளர்கள் நின்ற இடத்திலேயே நிற்பர் எனக் கொள்கின்றது. உண்மையில் அவ்வாறில்லை. ஒருவர் அடிக்கடி பண்ட் ஆடி வெற்றி பெற்றால் எதிரணி மூன்றாம் தளத் தடுப்பாளரை மீண்டும் அவரது இடத்துக்கு அனுப்பும். அப்போது பண்ட்டின் வெற்றி வாய்ப்பு குறையும். ஆனால் வலப்புறம் ஓர் இடைவெளி திறக்கும். மட்டையாளர் ஓங்கி அடித்த பந்து அவ்வழியே செல்லலாம்.

ஆட்டக் கோட்பாட்டின் பார்வையில், இங்கு இரு தரப்பினரும் தம் தேர்வுகளைக் கலந்து ஆட வேண்டியவர்கள். ஒருபோதும் பண்ட் ஆடாத மட்டையாளருக்கு எதிராக முழு அளவில் நகர்ந்து நிற்பதில் எதிரணிக்கு இழப்பே இல்லை. எப்போதும் பண்ட் ஆடுபவர் தம் ஆற்றலைத் தாமே முடக்கிக்கொள்கின்றார். இவ்விரண்டுக்கும் இடையே, எதிரணியை ஐயத்தில் வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் பண்ட் ஆடுவதே சிறந்தது. அதாவது, வல்லடியாளருக்குப் பண்ட் தரும் பெரும்பயன் அதனால் கிடைக்கும் ஒற்றைத் தள அடிகளில் இல்லை. அதற்கு அஞ்சி எதிரணி விட்டுக்கொடுக்கும் இடத்தில் உள்ளது.

இது வெறும் கோட்பாடு அன்று என்பதை ஆடுகளத்திலேயே காணலாம். தடுப்பு நகர்வு பரவலாக இருந்த ஆண்டுகளில், பண்ட் ஆடக்கூடிய மட்டையாளருக்கு எதிராக மூன்றாம் தளத் தடுப்பாளர் முதலில் தளத்தின் அருகே நின்று, இரண்டு ஸ்ட்ரைக் ஆன பின்னரே வலப்புறம் நகர்வது வழக்கமாக இருந்தது. இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பின் ஃபவுல் ஆனால் ஆட்டமிழப்பு என்பதால் பண்ட் ஆடும் அச்சம் அப்போது நீங்கிவிடும்.

எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சுறுத்தல் நம்பத்தக்கதாக இருக்க, மட்டையாளர் முதலில் சில பண்ட்டுகளை ஆடிக் காட்ட வேண்டும். அதில் ஏற்படும் இழப்பு உடனே தெரியும். பயன் பின்னரே, அதுவும் பல ஆட்டங்களில் சிறுகச் சிறுகக் கிடைக்கும். ஹோம் ரன்களுக்காகவே ஒப்பந்தம் பெறும் ஆட்டக்காரர் ஒருவர் அதனைச் செய்யத் தயங்குவது வியப்பன்று.

எழுதப்படாத விதிகள்

அடிபந்தாட்டத்தில் விதிநூலில் இல்லாத மரபுகள் பல உள்ளன. 2018 ஏப்ரல் 1 அன்று, மினசோட்டா டுவின்ஸ் அணி 7-0 என முன்னிலையில் இருக்க, அதன் பந்தெறிவாளர் ஹோசே பெரியோஸ் ஒன்பதாம் இன்னிங்ஸ் வரை ஒரே ஒரு வெற்றியடியை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தார். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் இளம் மட்டையாளர் சான்ஸ் சிஸ்கோ, தடுப்பு நகர்வைக் கண்டு மூன்றாம் தளப் பக்கம் பண்ட் ஆடித் தளம் சேர்ந்தார். தோல்வி உறுதியான நிலையில் இவ்வாறு ஆடியது முறையன்று என டுவின்ஸ் ஆட்டக்காரர்கள் குறைகூறினர். முன்னிலையில் இருந்தபோதும் தடுப்பாளர்களை நகர்த்தி வைத்திருந்த அணி, அதனால் விளைந்த வெற்றிடத்தை மட்டையாளர் பயன்படுத்தக்கூடாது எனக் கருதுவது பொருந்தாது எனப் பலர் மறுமொழி கூறினர். சிஸ்கோ வல்லடியாளர் அல்லர். எனினும் பண்ட் ஆடுவதற்குப் பண்பாட்டுத் தடைகளும் இருந்தன என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

மாற்று வழிகள்

தடுப்பு நகர்வுக்கு மறுமொழியாகப் பண்ட்டைத் தவிர இரு வழிகள் இருந்தன. ஒன்று, பந்தை எதிர்த்திசை வெளிக்களத்துக்கு அடிப்பது. உள்பக்கமாக வரும் வேகப்பந்தை அவ்வாறு அடிப்பது பலருக்குக் கைவரவில்லை. மற்றொன்று, தடுப்பாளர்களின் தலைக்கு மேலே அடிப்பது. 2010களின் பிற்பகுதியில் மட்டையாளர்கள் பலர் பந்தை மேல்நோக்கி அடிக்கும் வகையில் தம் வீச்சை மாற்றிக்கொண்டனர். மேஜர் லீக்கில் 2017 இல் 6,105 ஹோம் ரன்களும் 2019 இல் 6,776 ஹோம் ரன்களும் அடிக்கப்பட்டன. இரண்டும் அவ்வப்போதைய சாதனைகள். பந்தின் தன்மையில் ஏற்பட்ட மாற்றமும் இதற்கு ஒரு காரணமாகும். இம்முறையின் மறுபக்கமாக, ஸ்ட்ரைக் மூலம் ஆட்டமிழப்பவர்களின் எண்ணிக்கையும் பெருகியது. 2018 ஆம் ஆண்டில், வரலாற்றில் முதன்முறையாக, வெற்றியடிகளைவிட ஸ்ட்ரைக் ஆட்டமிழப்புகள் மிகுதியாக இருந்தன.

ஆக, வல்லடியாளர்கள் தடுப்பு நகர்வுக்கு மறுமொழி கூறாமல் இருக்கவில்லை. தரைவழியே விலகிச் செல்வதைவிட வான்வழியே கடந்து செல்வதைத் தேர்ந்தெடுத்தனர்.

2023 விதி மாற்றம்

2022 இல் மேஜர் லீக்கின் மொத்த மட்டையடி சராசரி 0.243 ஆக இருந்தது. இது 1968 இன் 0.237 க்குப் பின் மிகக் குறைந்த அளவாகும். ஆட்டத்தில் ஓட்டமும் விறுவிறுப்பும் குறைந்துவிட்டன எனக் கருதிய மேஜர் லீக் அமைப்பு, 2021 இல் இரண்டாம் நிலை சிறு லீக்குகளில் தடுப்பு நகர்வுக் கட்டுப்பாட்டைச் சோதித்தது. பின்னர் 2022 செப்டம்பர் 9 அன்று புதிய விதியை அறிவித்து, 2023 பருவம் முதல் நடைமுறைப்படுத்தியது. இதன்படி:

* பந்து எறியப்படும்போது இரண்டாம் தளத்தின் இரு பக்கங்களிலும் இரண்டிரண்டு உட்களத் தடுப்பாளர்கள் நிற்க வேண்டும்.
* நால்வரின் கால்களும் உட்களத்தின் வெளி எல்லைக்குள் இருக்க வேண்டும். வெளிக்களப் புல்வெளிக்குப் பின்வாங்கக் கூடாது.
* மீறினால், அந்தப் பந்து மட்டையாளருக்குச் சாதகமாகக் கணக்கிடப்படும்; அல்லது ஆட்டத்தின் விளைவையே மட்டை பிடிக்கும் அணி ஏற்றுக்கொள்ளலாம்.

மொத்தச் சராசரி 2023 இல் 0.248 ஆக உயர்ந்து, 2024 இல் மீண்டும் 0.243 க்கு இறங்கியது. பந்தெறிதலின் வேகம், தரம் ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் தடுப்பு நகர்வு மொத்தச் சராசரியைப் பாதித்த அளவு சிறியதே என இதிலிருந்து அறியலாம். ஆனால் தனிப்பட்ட சில மட்டையாளர்களிடம் மாற்றம் பெரிதாக இருந்தது. மிகுதியாகத் தடுப்பு நகர்வைச் சந்தித்தவர்களுள் ஒருவரான டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் கோரி சீகர், 2022 இல் 0.245, 2023 இல் 0.327 என அடித்தார். இரு பருவங்களிலும் அவரது ஹோம் ரன்கள் சரியாக 33. இம்மாற்றம் முழுவதும் புதிய விதியால் விளைந்தது எனக் கூற இயலாது.

தென்கொரியாவின் கேபிஓ லீக்கும் 2024 முதல் தடுப்பு நகர்வைக் கட்டுப்படுத்தியுள்ளது.

விதி மாற்றத்துக்குப் பின் பண்ட்

புதிய விதி தடுப்பு நகர்வை முற்றிலும் ஒழிக்கவில்லை. ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் தளத்தின் இடப்புறம் மிக நெருங்கி நிற்கலாம். மூன்றாம் தளத் தடுப்பாளர் கோட்டிலிருந்து விலகி உள்நோக்கியும் பின்னோக்கியும் நிற்கலாம். வெளிக்களத் தடுப்பாளர்களின் நிலைக்குக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. ஆகவே மூன்றாம் தளக் கோட்டை ஒட்டிப் பண்ட் ஆட இன்றும் இடமுண்டு. ஆனால் அது பழைய அளவுக்கு வெறுமையான இடம் அன்று.

இவ்விதியை எதிர்த்தவர்களின் முதன்மை வாதம் பண்ட் பற்றியதே ஆகும். எதிரணி விட்டுவைத்த இடத்தில் அடிக்கக் கற்றுக்கொள்வது மட்டையாளரின் கடமை. அதற்கு மாறாகத் தடுப்பாளர்களின் கைகளைக் கட்டுவது ஆட்டத்தின் அறிவுப் போட்டியைக் குறைக்கின்றது என்பது அவர்களின் கருத்து. பார்வையாளர்கள் வல்லடியாளர்களின் பண்ட்டைக் காண வருவதில்லை, அவர்கள் ஓங்கி அடிப்பதைக் காணவே வருகின்றனர் என்பது ஆதரித்தவர்களின் மறுமொழி. வல்லடியாளர் பண்ட் ஆடலாமா என்ற வினாவுக்கு ஆட்டக்காரர்கள் பொதுவான விடை காணும் முன்னரே, விதி அதனைப் பெருமளவு தேவையற்றதாக்கிவிட்டது.

இவற்றையும் பார்க்க

* அடிபந்தாட்டம்
* மேஜர் லீக் பேஸ்பால்
* டெட் வில்லியம்ஸ்
* சதஹாரு ஓ
* ஆட்டக் கோட்பாடு

பகுப்புகள்: அடிபந்தாட்டம் | விளையாட்டு உத்திகள்